கலப்பில்லாத சிறுவிடைக் கோழி: இனம் கெடாமல் தரம் உயர்த்தும் முறை

தமிழ்நாட்டுச் சந்தைகளில் சிறுவிடை எனும் சிறிய நாட்டுக்கோழி இனத்தின் பெயரில் விற்கப்படும் கோழிகளுக்குக் குறைவில்லை. கலப்பில்லாத சிறுவிடைதான் கிடைப்பதற்கு அரிதாகிவிட்டது. ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூருவில் உருவாக்கப்பட்ட கிரிராஜாவும் என மேம்பாட்டுக் கோழி வகைகள் புழக்கடைகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவற்றின் சேவல்கள் ஊர்க் கோழிகளோடு கட்டுப்பாடின்றிச் சேர்ந்தன. எடை கூடட்டும் என்று பெருவிடை எனும் பெரிய உடலுள்ள நாட்டுக்கோழி இனத்தின் சேவலை வலிந்து கொண்டுவந்து விட்டவர்களும் உண்டு. முதல் தலைமுறைக் குஞ்சுகள் எடையில் மிஞ்சி நின்றதால் அந்த வழியே சரியென்று தோன்றியது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அடையில் உட்காராத பெட்டைகளும், குஞ்சுகளைப் பாதியில் கைவிடும் தாய்களும், பருந்தின் நிழல் விழுந்தும் ஓடி ஒளியத் தெரியாத குஞ்சுகளும் பெருகியபோதுதான் எதை இழந்தோம் என்பது புரிந்தது.

சிறுவிடையின் மதிப்பு அதன் எடையில் இல்லை. வளர்ந்த பெட்டை ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரையும், சேவல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையும்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறிய பெட்டை, பெரிய கொட்டகையும் விலைத் தீவனமும் இன்றித் தானே மேய்ந்து, ஒரு சுற்றுக்கு 10 முதல் 14 முட்டை வரை இட்டு, தானே அடைகாத்துப் பொரித்து, குஞ்சுகளைக் காகத்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் காத்து ஆளாக்கி, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இதையே திரும்பச் செய்கிறது. எனவே இந்த இனத்தில் தரம் உயர்த்துவது என்பது, வெளியிலிருந்து பெரிய சேவலைக் கொண்டுவருவதன்று. இனத்துக்குள்ளேயே நல்ல தாய்க்கோழிகளை அடையாளம் கண்டு அவற்றின் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வது. ஒரு தாய்க்கோழி எட்டாவது வாரம் வரை உயிரோடு காப்பாற்றித் தரும் குஞ்சுகளின் எண்ணிக்கையே இதற்கு முதன்மையான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம் அந்த ஓர் எண்ணை உயர்த்துவதற்கும், அதை உயர்த்தும் அவசரத்தில் இனத்தின் அடித்தளம் குறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும் உரியவை.

தொடக்கக் கோழிகளைச் சந்தையில் வாங்குவது நல்லதன்று. சந்தையில் கோழி மட்டும் கிடைக்கும். அதன் தாய் எது, அது அடையில் உட்கார்ந்ததா, எத்தனை குஞ்சு வளர்த்தது என்ற செய்தி கிடைக்காது. முதன்மைச் சாலையிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில், பல ஆண்டுகளாக வெளிக்கோழி சேர்க்காமல் வளர்க்கும் வீடுகளைத் தேடிப் போக வேண்டும். பெரும்பாலும் அங்கே கோழி வளர்ப்பவர் வீட்டுப் பாட்டியாக இருப்பார். எந்தப் பெட்டை எந்தப் பெட்டையின் மகள் என்பதை அவரால் முற்றத்தில் நின்றபடியே சொல்ல முடியும். அந்தச் செய்தியைக் கையோடு எழுதிக்கொள்வது, கோழிக்குக் கொடுக்கும் விலையைவிட மதிப்புடையது. முடிந்தவரை குஞ்சுகளோடு மேயும் பெட்டையைப் பார்த்து, அதையோ அதன் வெடைகளையோ (இளம் பெட்டைகளையோ) கேட்டு வாங்க வேண்டும். ஒரே வீட்டில் பத்துக் கோழி வாங்குவதைக் காட்டிலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து ஊர்களில் இரண்டு மூன்றாக வாங்குவது சிறந்தது.

கலப்பைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் அடையாளம் போதாது. பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்டு நிமிர்ந்த கழுத்தும், தடித்த கால்களும், தலையோடு ஒட்டிய சிறு கொண்டையும், மார்பை நிமிர்த்தி நிற்கும் நிலையும் ஒருசேர இருந்தால் பெருவிடைக் கலப்பை ஐயுறலாம். தளர்ந்த இறகும், கனத்த உடலும், அழுத்தமான பழுப்பு ஓடுள்ள பெரிய முட்டையும், அடை விழாத இயல்பும் சேர்ந்திருந்தால் பண்ணையின மேம்பாட்டுக் கோழிகளின் கலப்பு இருக்கக்கூடும். கொண்டையைக் கொண்டு இன்னொரு சோதனையும் செய்யலாம். பற்களோடு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பு. அதனால் தாய், தந்தை இரண்டும் ஒற்றைக் கொண்டையாக இருந்தால், குஞ்சுகள் அனைத்தும் ஒற்றைக் கொண்டையாகவே வரும். அப்படிப்பட்ட இணையின் குஞ்சுகளில் ஒட்டிய சிறு கொண்டை தென்பட்டால், வேலி தாண்டி வந்த வேறொரு சேவல் சேர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

நிறத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டியதில்லை. கீரியோ, பூதியோ, காகமோ, செவலையோ, இந்த இனத்தில் எல்லா நிறமும் உண்டு. நிறப் பொருத்தத்துக்காக நல்ல தாய்களைக் கழித்துக் கூட்டத்தைச் சுருக்குவதைப் போன்ற இழப்பு வேறில்லை.

வாங்கிவந்த கோழிகளை ஒரு மாதம் தனியே வைத்து, குடற்புழு நீக்கி, வெள்ளைக்கழிச்சல் எனும் கொடிய தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்ட பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

சேவல் எத்தனை வேண்டும்?

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் இருந்தால் கூட்டத்தில் 11 உயிர்கள் இருப்பதாகத் தோன்றும். இனவிருத்திக் கணக்கில் அதன் மதிப்பு நான்குக்கும் குறைவு. சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கி, சேவலும் பெட்டையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்த மதிப்பு. ஒரு சேவல், பத்துப் பெட்டை என்றால் 40-ஐ 11-ஆல் வகுக்க 3.6 வரும். அந்த நிலையில் உறவுச் சேர்க்கையின் அளவு ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். நான்கு சேவல்களும் இருபது பெட்டைகளும் இருந்தால் மதிப்பு 13-ஐத் தாண்டும். உறவுச் சேர்க்கையின் ஏற்றம் நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஓர் இனம் நீண்ட காலம் நிலைக்க இந்த மதிப்பு 50-க்குக் குறையக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கிறது. 15 சேவல்களும் 75 பெட்டைகளும் இருந்தால் கணக்கு சரியாக 50-இல் வந்து நிற்கும்.

இதைத் தனியொரு வீட்டில் வைத்துப் பராமரிப்பது எல்லோருக்கும் இயலாது. ஆனால் வீட்டுக்கு மூன்று சேவல், பதினைந்து பெட்டை என்று ஐந்து வீடுகள் ஒத்துழைத்து, தங்களுக்குள் சேவல்களை முறைப்படி மாற்றிக்கொண்டால் அதே எண்ணிக்கை எளிதாக வந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டாமலே மதிப்பைக் கூட்ட மற்றொரு வழியும் உண்டு. அடுத்த தலைமுறைக்கு நிறுத்தும் குஞ்சுகளை ஒன்றிரண்டு கோழிகளிடமிருந்தே எடுக்காமல், தேர்வில் தேறிய எல்லாத் தாய்களிடமிருந்தும் ஒரே அளவில் எடுத்தால் இந்த மதிப்பு ஏறத்தாழ இருமடங்காகும். காசு செலவில்லாத இந்த வழியைப் பலரும் கவனிப்பதில்லை.

மூன்று குடும்ப முறை

ஒவ்வொரு வீட்டிலும் கோழிகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்து, சிவப்பு, நீலம், மஞ்சள் எனக் கால் வளையம் மாட்டிவிட வேண்டும். தனித்தனி அடைப்புகளில் ஒரு சேவலும் ஐந்து முதல் எட்டுப் பெட்டைகளும் இருக்கட்டும். விதி ஒன்றுதான்: பெட்டைக் குஞ்சுகள் எப்போதும் தாயின் குடும்பத்திலேயே இருக்கும், சேவல் குஞ்சுகள் எப்போதும் அடுத்த குடும்பத்துக்குப் போகும். சிவப்பில் பிறந்த சேவல் நீலத்துக்கும், நீலத்தில் பிறந்தது மஞ்சளுக்கும், மஞ்சளில் பிறந்தது சிவப்புக்கும் செல்ல வேண்டும். திசை ஒருபோதும் மாறக் கூடாது. இப்படிச் செய்தால் அண்ணன் தங்கை சேர்க்கையும் தாய் மகன் சேர்க்கையும் நடக்க வழியில்லை. புதிய இளஞ்சேவல் வரும்போது பழைய சேவலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தந்தை மகளோடு சேரும்.

சேவலை மாற்றியதும் அடுத்த நாளே முட்டை சேகரிக்கத் தொடங்கக் கூடாது. சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு, சில வேளைகளில் மூன்று வாரங்கள் வரை உயிர்ப்போடு இருக்கும். பழைய சேவலை எடுத்து மூன்று வாரங்கள் கழிந்த பின் இடும் முட்டைகளையே புதிய சேவலின் முட்டையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். அதுவரை இட்டவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டு முழுவதும் அடைத்து வைப்பது சிறுவிடைக்கு ஒவ்வாது. இனவிருத்திக்கு முட்டை எடுக்கும் ஒன்றரை, இரண்டு மாதங்கள் மட்டும் பிரித்து வைத்து, மற்றக் காலத்தில் சேர்த்து மேயவிட்டால் போதும்.

குஞ்சுகளை அடையாளம் காண, பொரித்த அன்றே கால் விரல்களுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வில் சிறு துளை இடும் முறை நம்பகமானது. ஒவ்வொரு காலிலும் இரண்டு சவ்வுகள், ஆக மொத்தம் நான்கு. துளை இட்டதும் இடாததுமாகப் பதினாறு வகை அடையாளங்கள் கிடைக்கும். அதாவது பதினாறு தாய்களின் குஞ்சுகளைக் குழப்பமின்றிப் பிரித்தறியலாம். வளையம் கழன்று விழும். சுத்தமாக இடப்பட்ட துளை அழியாது.

முட்டையும் அடையும்

அடைக்கு வைக்கும் முட்டை நடுத்தர அளவில், ஏறத்தாழ 40 கிராம் எடையில், ஓடு வழவழப்பாகவும் வடிவம் சீராகவும் இருக்க வேண்டும். மிகப் பெரியது, மிகச் சிறியது, உருண்டை வடிவம், ஓட்டில் வரி விழுந்தது ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் உள்ள காப்புப் படலம் போய்விடும். கூரான முனை கீழே இருக்குமாறு, ஈர மணலின் மேல் வைத்த மண்சட்டியில் நிழலான இடத்தில் சேமித்து, ஏழு நாட்களுக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் ஐந்து நாளே மிகுதி. வெயிலின் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும்.

அடைக்கூடையில் மணல் பரப்பி, வைக்கோலும் காய்ந்த வேப்பிலையும் இட்டு, பேனும் செல் எனும் சிறு பூச்சியும் இல்லாத கோழியை உட்கார வைக்க வேண்டும். இடிக்குப் பாதுகாப்பென்று முட்டைகளோடு இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் பேனை ஒழிக்காமல் வைத்த அடையை எந்த இரும்பும் காப்பாற்றாது, கோழி கடி தாளாமல் எழுந்து போய்விடும்.

ஏழாம் நாள் இரவில் முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதை ஒரு நாளும் விடக் கூடாது. அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனையில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால் மூன்றில் ஒரு காட்சி தெரியும். ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் செந்நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு வளர்கிறது. மஞ்சள் கருவின் மங்கிய நிழலைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் அது கரு கூடாத முட்டை. உள்ளே மெல்லிய சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு தொடங்கி மடிந்துவிட்டது. கரு கூடாததையும் கரு மடிந்ததையும் ஒன்றாகக் கூமுட்டை என்று எறிந்துவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. ஒரு குடும்பத்தின் எல்லாப் பெட்டைகளின் முட்டையிலும் கரு கூடவில்லையென்றால் சேவலில் குறை. ஒரு பெட்டையிடம் மட்டும் என்றால் சேவல் அதை ஏற்கவில்லை அல்லது பெட்டையிடமே குறை இருக்கிறது. சிவப்பு வளையம் மிகுந்தால் முட்டை சேமித்த இடத்தின் சூட்டையும் நாட்களையும் திருத்த வேண்டும். முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு 19, 20-ஆம் நாளில் ஓட்டுக்குள்ளேயே இறப்பது தொடர்ந்தால், தாய்க்கோழியின் தீவனக் குறைவையும், அடையின் ஈரப்பதத்தையும், கடைசியாக உறவுச் சேர்க்கையையும் ஆராய வேண்டும்.

இந்த இடத்தில் கட்டைக்கால் கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால் குட்டையான இந்த வகையைச் சிலர் விரும்பிச் சேர்க்கின்றனர். கட்டைக்கால் சேவலோடு கட்டைக்கால் பெட்டையைச் சேர்த்தால், இரு பக்கமும் அந்த மரபணு வந்து சேரும் கால் பங்குக் கருக்கள் ஓட்டுக்குள்ளேயே மடியும். 12 கருமுட்டைகளில் மூன்று என்பது சராசரி. இது அடையின் குறையன்று, தவிர்க்க முடியாத மரபு விளைவு. இந்த வகையைக் காக்க விரும்புபவர் கட்டைக்காலை இயல்பான காலுள்ள கோழியோடு மட்டுமே சேர்க்க வேண்டும். அப்போது குஞ்சுகளில் பாதி கட்டைக்காலாக வரும், அந்தக் காரணத்தால் ஒன்றும் சாகாது.

இன்குபேட்டரைப் பயன்படுத்துபவர்கள் 37.5 டிகிரி வெப்பமும், முதல் 18 நாட்களுக்கு 55 முதல் 60 சதவீதமும், பின்னர் 65 முதல் 70 சதவீதமும் ஈரப்பதமும் வைக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக இயந்திரத்திலேயே பொரிப்பது சிறுவிடைக்குச் செய்யும் பெருங்கேடு என்பேன். அடையில் உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டை இடாது. அடை விழாத கோழி தொடர்ந்து இட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இயந்திரத்துக்குள் போகும் முட்டைகளில் அடை விழாத கோழிகளின் பங்கு நம்மை அறியாமலே கூடுகிறது. சில தலைமுறைகளில் அடைகாக்கும் இயல்பே தேய்ந்துபோகிறது. இயந்திரம் தேவைப்பட்டால், அடைகாத்துத் தேறிய தாய்களின் முட்டைகளை மட்டும், ஒவ்வொரு தாயிடமிருந்தும் ஒரே எண்ணிக்கையில் வைக்க வேண்டும்.

தேர்வு

ஒரு பக்கத்துக்கு ஒரு தாய்க்கோழி என்று நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும். வைத்த முட்டை, கரு கூடியவை, பொரித்தவை, எட்டாவது வாரத்தில் மிஞ்சியவை என்ற நான்கு எண்களை ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, நீலம் 7 என்ற பெட்டை 11 முட்டையில் உட்கார்ந்து 9 பொரித்து 7 குஞ்சுகளை எட்டாவது வாரத்துக்குக் கொண்டுவருகிறது. சிவப்பு 3 என்ற பெட்டை 14 முட்டையில் 12 பொரித்து மூன்றை மட்டுமே மிச்சம் வைக்கிறது என்று கொள்வோம். முற்றத்தில் பார்க்கும்போது பன்னிரண்டு குஞ்சுகளோடு வரும் சிவப்பு 3 தான் கண்ணை ஈர்க்கும். இனத்துக்குரிய தாய் நீலம் 7. ஒரு சுற்றில் பருந்து கூடுதலாக அடித்திருக்கலாம் என்பதால், குறைந்தது இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குஞ்சுகளின் முதல் கழிப்பு எட்டாவது வாரத்தில்: அலகு கோணியவை, கால் விரல் வளைந்தவை, இறகு முளைப்பதில் பின்தங்கியவை வெளியேறட்டும். இரண்டாவது கழிப்பு ஐந்து மாத அளவில், உடலமைப்பும் சுறுசுறுப்பும் தெரியவரும்போது. பெட்டைகளில் பத்துக்கு மூன்று நான்கும், சேவல்களில் பத்துக்கு ஒன்றும் நின்றால் போதும். உடல் எடை தாய் தந்தையரிடமிருந்து நன்றாக இறங்கும் பண்பு. ஆகையால் அந்தந்தக் கோழியை நிறுத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க முடியும். 12-ஆவது வார எடையைக் கொண்டு மிக மெலிந்தவற்றைக் கழிக்கலாமே தவிர, மிகக் கனத்தவற்றையே தேர்ந்தெடுக்கக் கூடாது. எடையை மட்டும் துரத்தினால் முட்டையும் அடைகாக்கும் இயல்பும் பின்னால் இறங்கும். முட்டை எண்ணிக்கையும் பிழைப்புத் திறனும் தாய் தந்தையரிடமிருந்து குறைவாகவே இறங்கும் பண்புகள் என்பதால், தனிக் கோழியைப் பார்க்காமல் தாய், சகோதரிகள் உள்ளிட்ட குடும்பம் முழுவதையும் பார்க்க வேண்டும். சேவலைத் தேர்ந்தெடுப்பதற்கு இது இன்றியமையாதது. சேவல் முட்டையிடுவதில்லை, அடைகாப்பதில்லை. அதன் உண்மையான தரம் நோட்டில் அதன் தாய்க்குரிய பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கொண்டை அழகும் வால் வீச்சும் அதற்குப் பிறகே.

மூன்று, நான்கு ஆண்டுகள் கடந்தும் நோயின்றி இடும் பெட்டையை வயதானதென்று விற்றுவிடக் கூடாது. அந்தக் கோழி பல நோய்க் காலங்களைத் தாண்டி வந்திருக்கிறது. அதன் மகன்களே அடுத்த சேவலாவதற்கு முதல் உரிமை உடையவை.

நோய்த் தடுப்பில் நாட்டுக்கோழிக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் பல ஆண்டுத் தேர்வை ஒரே வாரத்தில் அழித்துவிடும். முதல் வாரத்தில் அதற்கான தடுப்பு மருந்தான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலும் மூக்கிலும் இட்டு, நான்காவது வாரத்தில் மீண்டும் கொடுத்து, எட்டாவது வாரத்தில் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசியை இறக்கையின் அடியில் போட வேண்டும். அம்மைத் தடுப்பூசியை ஆறாவது வாரத்தை ஒட்டிப் போடலாம். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியை ஒட்டி நடத்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவருவதில் அலட்சியம் காட்டினால் போட்டும் பயனில்லை.

வெளியிலிருந்து புதிய இரத்தம் சேர்க்க வேண்டிய நிலை வரும்போது, வந்த சேவலை நேரே கூட்டத்துக்குள் விடாமல், இரண்டு மூன்று பெட்டைகளோடு தனியே சேர்த்து, அவற்றின் மகள்கள் அடையில் உட்கார்ந்து குஞ்சு வளர்ப்பதைப் பார்த்த பிறகே பொது வரிசையில் இணைக்க வேண்டும். இதற்கு ஒன்றரை ஆண்டு பிடிக்கும், பொறுத்திருப்பதே தகும். கூட்டு சேர்ந்த வீடுகளுக்குள் சேவல் மாற்றும்போது, தாயின் பக்கத்தை நகலெடுத்துச் சேவலோடு கொடுத்தனுப்புவதையும், கொடுக்கும் சேவலின் உடன்பிறப்பு ஒன்றைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக் கூட்டம் கழிச்சலில் மடிந்தால், அந்தக் குடும்பத்தின் முட்டைகளை மற்றொரு வீட்டிலிருந்து கேட்டு வாங்கி மறுபடி அடைக்கு வைக்கலாம்.